டூல்மின் வாத மாதிரி
டூல்மின் வாத மாதிரி என்பது ஒரு வாதத்தின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்டும் முறை ஆகும். பிரித்தானிய மெய்யியலாளர் ஸ்டீவன் டூல்மின் (1922–2009) இதனை 1958 இல் வெளியிட்ட நூலொன்றில் முன்வைத்தார். அமெரிக்கக் கல்லூரிகளில் வாதக் கட்டுரை எழுதவும், பிறர் கட்டுரைகளை ஆய்ந்து படிக்கவும் இது கற்பிக்கப்படுகின்றது.

முடிபு, சான்று, இணைப்பு விதி, விதிக்கான ஆதாரம், உறுதியின் அளவு, விதிவிலக்கு ஆகியன இதன் ஆறு உறுப்புக்கள் ஆகும். டூல்மின் தரும் எடுத்துக்காட்டில், ஹாரி பெர்முடாவில் பிறந்தவர் என்பது சான்று. அவர் பிரித்தானியக் குடிமகன் என்பது முடிபு. அங்கு பிறந்தோர் பொதுவாகப் பிரித்தானியக் குடிமக்கள் என்பது இணைப்பு விதி. அதற்குச் சட்டம் ஆதாரம். பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராயின், அது விதிவிலக்கு.

இணைப்பு விதி பெரும்பாலும் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. அது பொருந்தாவிடின், சான்று உண்மையாக இருப்பினும் முடிபு நிலைபெறாது. எனவே வாசிப்பவர் அதனைக் கண்டறிந்து வினவுதலும், எழுதுபவர் அதற்கு ஆதாரம் தருதலும் வேண்டும்.