மருந்து சென்றடைந்த குழந்தை பிழைக்கிறது

ஆண்டுதோறும் மார்ச் 24ஆம் நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1882ஆம் ஆண்டு அதே நாளில்தான், ஜெர்மன் மருத்துவர் இராபர்ட் கோக், இந்நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லின் நகரில் அறிவித்தார். இன்று மருந்துகளுக்குக் குறைவில்லை. ஆயினும், உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்புப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் 15 வயதுக்குட்பட்ட சிறார் 12 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் காசநோயுற்றனர். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இறந்தனர். குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் இத்தனை சிறார் ஏன் இறக்கவேண்டும்?

அன்றும் இன்றும்

நாம் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் புனித தெரேசா, 1897ஆம் ஆண்டில், தமது 24வது வயதில் காசநோயால் இறந்தார். அன்று இந்நோய்க்கு மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943ஆம் ஆண்டிலும், ஐசோனியாசிட் 1952ஆம் ஆண்டிலும்தான் வந்தன.

மருந்து வருவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிடும் ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டில் வெளியானது. மருந்தில்லாக் காலத்தில், காசநோயுற்ற 100 சிறாரில் ஏறக்குறைய 22 பேர் இறந்தனர். 5 வயதுக்குட்பட்டவர்களில் இது ஏறக்குறைய 44. சிகிச்சை பெறும் சிறாரிலோ, 100க்கு ஒருவர்கூட இறப்பதில்லை. எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்துள்ள குழந்தைகளுக்கு மட்டும் ஆபத்து இன்னும் கூடுதலே.

அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, 2015ஆம் ஆண்டில் காசநோயால் இறந்த சிறாரின் எண்ணிக்கையை 2,39,000 என்று கணித்தது. அவர்களில் 80 விழுக்காட்டினர் 5 வயதுக்குட்பட்டவர்கள். 96 விழுக்காட்டினர் காசநோய்ச் சிகிச்சையே பெறாதவர்கள். அதாவது, மருந்து சென்றடைந்த குழந்தை பெரும்பாலும் பிழைக்கிறது. நோய் கண்டறியப்படாத குழந்தையே இறக்கிறது.

ஏன் கண்டறியப்படுவதில்லை?

சிறு குழந்தைக்குச் சளியைக் காறி உமிழத் தெரியாது. உமிழ்ந்தாலும் அதில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். எனவே, சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நோய் இருக்கலாம். இக்குறையைப் போக்க, குழந்தையின் மலத்தைச் சோதித்தும் நோயைக் கண்டறியலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது காய்ச்சல், எடை கூடாமை அல்லது குறைதல், கழுத்தில் நெறி கட்டுதல், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியன பெற்றோர் கவனிக்கவேண்டிய அறிகுறிகள். இவற்றோடு, வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், சிறிதும் தாமதிக்கக் கூடாது. கைக்குழந்தைகளில் இந்நோய் மூளையுறை வரை விரைவில் பரவக்கூடும்.

பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அந்த ஊசி, கொடிய மூளைக் காசநோயிலிருந்து குழந்தைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆனால், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை, 1968ஆம் ஆண்டில் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய மாபெரும் ஆய்வு காட்டியது.

வளரிளம் பருவத்தினர்

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் நிலை வேறு. இவர்களில் பலருக்குப் பெரியவர்களுக்கு வருவதுபோன்றே நோய் வருகிறது, மற்றவர்களுக்கும் தொற்றுகிறது. இவர்களின் பெரிய இடர், மருந்தைப் பாதியில் நிறுத்துவது. இரண்டு மாதங்களில் இருமல் நின்றுவிடும். உடல் தேறியதுபோல் தோன்றும். பள்ளியில் தோழர்கள் அறிந்துவிடுவார்களோ என்ற கூச்சமும், பெண் பிள்ளையின் திருமணம் பாதிக்கப்படுமோ என்ற பெற்றோரின் அச்சமும் சேர்ந்துகொள்கின்றன. இவ்வாறு பாதியில் விட்டால், நோய் மீண்டும் வரலாம்; மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறலாம்.

மருத்துவமனைப் பதிவேட்டில் சிகிச்சையின் முடிவு, குணமடைந்தார், சிகிச்சையை முடித்தார், பலனளிக்கவில்லை, இடையில் விட்டார், இறந்தார் என்று பதியப்படுகிறது. இவற்றில் 'இடையில் விட்டார்' என்பதைக் குறைக்க மருத்துவரால் மட்டும் இயலாது. குடும்பமும் அயலாரும் துணை நிற்கவேண்டும்.

நம்பிக்கை தரும் செய்திகள்

1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளியைத் தனி மருத்துவமனைக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959ஆம் ஆண்டிலேயே உலகிற்குக் காட்டியது. எனவே, முறையாக மருந்துண்ணும் பிள்ளையை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

பொதுவாகச் சிகிச்சை 6 மாதங்கள். நோய் கடுமையாக இல்லாத சிறாருக்கு 4 மாதங்களே போதும் என்று, இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 1,204 சிறாரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டில் தெரிவித்தது. எவருக்கு எத்தனை மாதங்கள் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நீரில் கரையும், குழந்தைகளுக்கேற்ற கூட்டு மாத்திரைகளும் இப்போது உள்ளன.

உணவும் மருந்துக்கு இணையானது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள்கள் வழங்கியபோது, அவர்களுக்குள் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சைக் காலத்தில் நடுவண் அரசு வழங்கிவந்த மாத உதவித்தொகை 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

நாம் செய்யக்கூடியது

அன்பியத்தில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காசநோய்க்கு மருந்துண்கிறார் என்று தெரிந்தால், அவ்வீட்டுக் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனரா என்று பரிவோடு கேட்போம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லையென்று உறுதியானாலும், தடுப்பு மருந்து தரப்படவேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கச் செல்லும்போது, பால், முட்டை, பருப்பு கொண்டுசெல்லலாம். மருந்து முடியும்வரை மாதம் ஒருமுறையேனும் விசாரிக்கலாம். நோயாளியின் பெயரைப் பொதுவில் சொல்லாதிருப்பதும் பேருதவியே.

தெரேசாவின் காலத்தில் ஒரு குடும்பம் அழுது செபிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதிருந்தது. இன்று நம் தெருவில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்து இருக்கிறது. அதன் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போம்.