கரிசல் காட்டு வேட்டை நாய்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எழுப்பப்பட்ட அக்கல்லில், அவனுடைய உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டு, அதன் பெயர் கோவிவன் என்பதும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்பதும் எழுத்திலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரசனுடைய பட்டத்து யானைக்குப் பெயர் இருந்ததில் வியப்பில்லை; ஆனால் எருமை வைத்திருந்த ஒரு குடியானவன் தன் நாயைப் பெயர் சொல்லி அழைத்தான் என்பதையும், ஊரார் அப்பெயரை மறவாதிருந்து கல்லில் ஏற்றினார்கள் என்பதையும் படிக்கும்போது, ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு அப்பாலிருந்து அந்தப் பெயர் நம் காதில் விழுவது போலவே இருக்கிறது. நாய் வளர்ப்பு ஆங்கிலேயர் கொணர்ந்த பழக்கம் என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு கல்லே போதிய மறுமொழியாகும்.

தென்பாண்டி நாட்டில் இந்தப் பிராணியின் சம்ரட்சணை ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், காட்டுப்பன்றியை எதிர்க்கவல்ல செந்நிறக் கோம்பை. இராஜபாளையத்தில், வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட காவல் நாய். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் பிரதேசத்திலோ சிப்பிப்பாறையும் கன்னியும். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்பப்பட்டதால் கன்னி என்று பெயர் வந்ததாக ஒரு வழக்கு உண்டு. பிறந்த வீட்டை விட்டுப் போகும் மகளுக்கு நகையும் பாத்திரமும் மட்டும் போதா, துணையாக ஓர் உயிரும் உடன் போகட்டும் என்று நினைத்த மனத்தை அந்த வழக்கில் நான் காண்கிறேன்.

கரிசல் நாயின் தேகத்தைப் பார்த்தாலே அதன் தொழில் விளங்கிவிடும். மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி வேட்டையாடுவது அது. ஆகையால், மரமடர்ந்த காட்டுக்கன்றி, கம்பும் சோளமும் அறுத்த பிறகு தொடுவானம் வரை திறந்து கிடக்கும் நிலத்துக்கே உரியது. நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், முதுகோடு ஒட்டிய வயிறும், துள்ளி எழும் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து அமைந்தவை. அதன் ஆகாரமும் குடியானவனுடைய ஆகாரமே: கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழ், சிறிது மோர், என்றேனும் இறைச்சி. விலா எலும்பு மெல்லத் தெரியும்படி இருப்பதே அந்த ஜாதியின் ஆரோக்கியம். அதைப் பட்டினியென்று தவறாகக் கருதி, வயிறு நிறைய ஊட்டி நாயைக் கெடுப்பவர்கள் இன்று அதிகம். ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் கொடிய ஆபத்தும் உண்டாகையால், ஒரே வேளையில் பெருந்தீனி வைக்காமலும், உண்டவுடன் ஓடவிடாமலும் இருக்கவேண்டும். பயிற்சிக்கென்று தனிப் பாடசாலை கிடையாது. முதிர்ந்த நாயோடு இளநாயை அவிழ்த்துவிட்டால், மூத்ததன் பின்னே ஓடி ஓடி இளையது வித்தையைக் கற்றுக்கொள்ளும்.

இராஜபாளையத்து நாயைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. தூய வெண்மையே அழகென்று மனிதர் விரும்பி விரும்பி இனம் பெருக்கியதன் விளைவாக, அந்த வெண்மையோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. குட்டி வாங்கப் போகிறவர், அது பார்க்காத பக்கத்தில் நின்று கைதட்டி, காதைத் திருப்புகிறதா என்று சோதிப்பது நலம். செவிட்டுக் குட்டியும் கைச் சைகையால் கற்கும். ஆயினும், நம்முடைய கண்ணின் ஆசைக்கு அதன் காது விலையானது என்ற உண்மை என்னை வருத்துகிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது நியாயமே, முயலுக்கும் உயிர் உண்டு. ஆனால், வேலை போன பிறகு வேட்டை நாயை வைத்துக்கொள்ளக் காரணமும் குறைந்துபோயிற்று. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அவற்றில் இடம்பெற்றது. அண்மைக் காலத்தில், நகரத்தாரும் இந்த நாய்களைத் தேடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

வாங்கியவர்களில் பலர், மூன்றாம் மாடியில் கட்டிவைத்துவிட்டு, நாய் மெத்தையைக் கிழிக்கிறது, ஓயாமல் குரைக்கிறது என்று முறையிடுகிறார்கள். தண்டனையால் அந்தச் சுபாவம் மாறாது; ஓட்டமே அதற்கு மருந்து. வெயில் ஏறுமுன், சுற்றிலும் வேலியுள்ள மைதானம் ஒன்றுக்கு அழைத்துப் போய், நீண்ட கயிற்றின் நுனியில் துணிப்பந்து ஒன்றைக் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடுங்கள். முதலில் அது அசையாமல் நிற்கும், காது விறைக்கும், கண் அந்தத் துணியின்மேலேயே நிலைக்கும். பிறகு, நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும்ப, முதுகு வில்லாய் வளைந்து நிமிர, கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னே அதன் பாட்டனும் முப்பாட்டனும் ஓடிய அதே ஓட்டத்தை அது ஓடும்.