பூக்களோடு மிதக்கும் ஒஃபீலியா... தொட்டித் தண்ணீரில் நடுங்கிய எலிசபெத் சிடால்! - ஓர் ஓவியத்தின் கதை

செடி கொடிகள் அடர்ந்த ஓடை. அதில் மல்லாந்து மிதக்கும் ஓர் இளம்பெண். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. விரிந்த கைகள் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. ஏதாவது ஒரு புத்தக அட்டையிலோ, இன்ஸ்டாகிராமிலோ இந்த ஓவியத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. பெயர், 'ஒஃபீலியா'. வரைந்தவர், இங்கிலாந்து ஓவியர் ஜான் எவரெட் மில்லே. இப்போது லண்டனின் டேட் பிரிட்டன் கேலரியில் இருக்கிறது.

அந்த ஒரே முகத்தில் இரண்டு பெண்கள் இருக்காங்க. ஒருத்தி, ஷேக்ஸ்பியரின் கற்பனை. இன்னொருவர், அவளுக்காகத் தண்ணீரில் படுத்திருந்த நிஜப் பெண்.

யார் இந்த ஒஃபீலியா?

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் நாயகி. காதலன் ஹாம்லெட்டின் கையாலேயே அவள் அப்பா கொல்லப்படுகிறார். அந்த அதிர்ச்சியில் மனம் கலங்கிப்போகிறாள். பூமாலையோடு வில்லோ மரத்தில் ஏறும்போது கிளை ஒடிந்து ஓடையில் விழுகிறாள். தப்பிக்கப் போராடாமல், பாடிக்கொண்டே மூழ்கிப்போகிறாள். ஆனா, இந்தக் காட்சி மேடையில் வரவே வராது. ராணி கெர்ட்ரூட் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியும். மேடை காட்டாத அந்த நிமிடத்தைத்தான் மில்லே ஓவியமாக்கினார்.

முதலில் ஓடை... பிறகுதான் பெண்!

1851 ஜூலையில் சர்ரே பகுதியிலுள்ள ஹாக்ஸ்மில் ஆற்றங்கரைக்குப் போன மில்லே, நவம்பர் வரை அங்கேயே உட்கார்ந்து செடி, கொடி, தண்ணீரை மட்டும் வரைந்தார். ஒரு நாளைக்கு 11 மணி நேரம்கூட வேலை நடந்திருக்கிறது. இயற்கையை உள்ளது உள்ளபடி வரையணும் என்பது அவர் சார்ந்திருந்த ப்ரீ-ராஃபேலைட் குழுவின் பிடிவாதம். மாதக்கணக்கில் வரைந்ததால், வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்கள் ஒரே படத்தில் ஒன்றாகப் பூத்திருக்கின்றன.

ஒவ்வொரு பூவுக்கும் ஓர் அர்த்தமும் உண்டு. சில மட்டும் இங்கே...

* பாப்பி - மரணம்
* டெய்சி - கள்ளங்கபடமற்ற மனம்
* பேன்சி - கைகூடாத காதல்
* நெட்டில் (பட்டால் அரிக்கும் செடி) - வலி
* கழுத்தில் இருக்கும் வயலெட் மாலை - விசுவாசம், இளவயது மரணம்

அணைந்துபோன விளக்குகள்

பெண் உருவத்தை வரைந்தது, லண்டன் கோவர் தெருவில் இருந்த மில்லேவின் வீட்டில். மாடல், எலிசபெத் சிடால். தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். மில்லேவுக்கு அப்போது 22 வயசு. சிடாலுக்கும் அதே வயசுதான். வெள்ளி எம்பிராய்டரி போட்ட பழைய கவுனை 4 பவுண்டுக்கு வாங்கி அவரை உடுத்தச் சொன்னார் மில்லே. குளிர்காலத்தில், தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் மணிக்கணக்கில் படுத்திருந்தார் சிடால். தண்ணீர் ஆறாமல் இருக்க, தொட்டிக்கு அடியில் எண்ணெய் விளக்குகள் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன. வேலையில் மூழ்கியிருந்த மில்லே கவனிக்கவே இல்லை. உடம்பு விறைத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்தும், சிடால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளைவு, கடுமையான ஜலதோஷம். கோபமான அவர் அப்பா, 50 பவுண்டு கேட்டு வழக்கு போடுவேன் என்று எச்சரிக்க, டாக்டர் செலவை மில்லே ஏற்றுக்கொண்டதும் விஷயம் முடிந்தது. இத்தனைக்கும் இந்த ஓவியம் 1851 டிசம்பரிலேயே 300 கினிக்கு, அதாவது 315 பவுண்டுக்கு விலைபோயிருந்தது!

சிடால் வெறும் மாடலா?

நிச்சயமா இல்லை. கவிதை எழுதினார், ஓவியமும் வரைந்தார். அவர் படங்களைப் பார்த்து வியந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், 1855ல் ஆண்டுக்கு 150 பவுண்டு கொடுத்து ஆதரித்தார். 1857ல் ப்ரீ-ராஃபேலைட் குழுவினர் லண்டனில் நடத்திய கண்காட்சியில் இடம்பெற்ற ஒரே பெண் ஓவியர் சிடால்தான்.

அவரும் ஓர் இலக்கிய நாயகியை வரைந்தார். டென்னிசன் கவிதையில் வரும் 'ஷாலட் சீமாட்டி'. பின்னாளில் வாட்டர்ஹவுஸ் என்ற ஓவியர், படகில் சாவை நோக்கிப் போகிறவளாக அவளை வரைந்து புகழ்பெற்றார். 1853ல் சிடால் வரைந்ததோ, தறியின் முன்னால் உட்கார்ந்து, தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் ஒரு பெண்ணை!

1860ல் ஓவியர் டான்டே கேப்ரியல் ரோசெட்டியைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. 1862 பிப்ரவரியில், அபின் கலந்த 'லாடனம்' மருந்து அளவுக்கு அதிகமாகி, 32 வயதில் இறந்துபோனார். உலகம் அவரை 'ஒஃபீலியா மாடல்' என்றே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தது. 2023ல் டேட் பிரிட்டன் நடத்திய ரோசெட்டிகள் கண்காட்சியில், அவர் வரைந்த படங்களும் முக்கிய இடம்பிடித்தன.

அடுத்த முறை ஒஃபீலியா உங்க கண்ணில் பட்டால், சிடால் தன்னைத்தானே வரைந்துகொண்ட சுய உருவப்படத்தையும் நெட்டில் தேடிப் பாருங்க. அதில் பூவும் இல்லை, தண்ணீரும் இல்லை. இறுகிய முகத்தோடு ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து உங்களைப் பார்ப்பாங்க. சிடால் தன்னை அப்படித்தான் பார்த்தார்.