டென்மார்க் இளவரசன் கிள்ளானுக்கு வந்த வழி

1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜபார்ட் ரங்கதுரை' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாடகக் கலைஞன் ஒருவனின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. அதில் ஓரிடத்தில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 'ஹாம்லெட்' வேடத்தில் மேடையில் தோன்றுவார். எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிக்கு அந்த இடம் விளங்கவில்லை.

"யாருடா செத்துப் போனாங்க? இந்தப் புள்ள ஏன் இப்படிப் புலம்புறான்?" என்று கேட்டார்.

அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். தெரிந்த அளவுக்குச் சொன்னேன். இவன் ஓர் இளவரசன். இவனுடைய தகப்பனைச் சித்தப்பன் கொன்றுவிட்டு, நாட்டையும் எடுத்துக்கொண்டு, தாயையும் மணந்துகொண்டான். தகப்பனின் ஆவி வந்து மகனிடம் நியாயம் கேட்கிறது.

பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆவி வருமே, அந்தக் கதையா? இது உங்க தாத்தா கிள்ளானில பார்த்துட்டு வந்து சொன்ன கதைடா!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத பால்வெட்டுத் தொழிலாளி, 1920களின் இறுதியில், ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் கிள்ளானில் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வெகுநாள் கழித்து, நூல்களைப் படித்த பிறகுதான், பாட்டி சொன்னதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'ஹாம்லெட்' ஏறத்தாழ 1600ஆம் ஆண்டில் இலண்டனில் எழுதப்பட்ட நாடகம். ஷேக்ஸ்பியரின் குழு நடித்த 'குளோப்' அரங்கம் 1599இல் கட்டப்பட்டது. செல்வர்கள் கூரைக்குக் கீழே மாடத்தில் அமர்ந்தார்கள். கூலிக்காரரும் கைவினைஞரும் ஒரு பென்னி கொடுத்துவிட்டு, வெட்டவெளி முற்றத்தில் நின்றபடியே பார்த்தார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே இது படித்தவருக்கு மட்டும் உரிய நாடகமாக இருந்ததில்லை. இதைப் பாடப்புத்தகத்துக்குள் அடைத்தது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

இந்த நாடகம் நம் மக்களிடம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று சென்னை வழி. அங்கே பம்மல் சம்பந்த முதலியார் என்ற இளைஞர், தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர். 1891இல் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு குழு நடித்த தெலுங்கு நாடகத்தைப் பார்த்தார், மனம் மாறினார். அதே ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய இவர்தான் ஹாம்லெட்டைத் தமிழில் 'அமலாதித்தன்' ஆக்கினார். 1908இல் அது நூலாக வந்தது. ஹாம்லெட்டின் காதலி ஒபீலியா, தந்தையை இழந்து, சித்தம் கலங்கி, நீரில் மூழ்கி இறப்பவள். அவளுக்கு அவர் இட்ட பெயர் 'அபலை'. ஆங்கிலப் பெயரின் ஓசையும் அவளுடைய விதியும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. இப்படி ஒரு பெயர் அகப்பட்டால் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒருவேளைச் சோறே வேண்டாம்.

அக்காலத்தில் எந்த நாடகமும் மங்களமாகத்தான் முடியவேண்டும் என்பது மரபு. செத்தவர் பிழைத்தெழ வேண்டும், பிரிந்தவர் கூட வேண்டும். ஹாம்லெட்டிலோ இறுதியில் மேடை முழுதும் பிணங்கள். எழுப்புவதற்கு எந்தத் தெய்வமும் வருவதில்லை. துயரமாகவே முடியும் நாடகத்தைத் தமிழ் மேடையில் துணிந்து வைத்தவர்களுள் பம்மல் முன்னோடி.

அவருடைய சபையின் செல்வாக்கு இலங்கைக்கும் சென்றது. அங்கே கலையரசு சொர்ணலிங்கம் 1913இல் கொழும்பில் ஒரு சபையும், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு சபையும் அமையக் காரணமாக இருந்தார். அந்த யாழ்ப்பாணத்திலிருந்துதான் இரயில்வே கிராணிகள் பலர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வந்து குடியேறினர். ஆனால் சபா நாடகம் என்பது உத்தியோகம் பார்ப்பவர்களின் கலை. அந்த வழி லயத்து வாசல்வரை வரவில்லை. தாத்தாவிடம் கதை வந்து சேர்ந்தது வேறு வழியில்.

அது பம்பாய் வழி. மேற்கிந்தியாவில் வாழ்ந்த பார்சிகள் நடத்திய நாடகக் குழுக்கள் 1870களில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தன. இங்குள்ளவர்கள் அதை 'வாயாங் பார்சி' என்றார்கள். அவர்கள் பேசிய இந்துஸ்தானி பலருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வண்ணத்திரைகளும், ஆர்மோனியமும் தபலாவும், மின்னும் உடைகளும் கூட்டத்தை இழுத்தன. பிறகு பினாங்கிலிருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் அதையே மலாய் மொழியில் செய்யத் தொடங்கினர். 1885இல் மாமாக் புஷி என்பவரின் குழு மேடையேறியது. இதுவே 'பங்சாவான்'. மலாய் நாடகக் கலையின் பெருமையாகப் பேசப்படும் பங்சாவானுக்குத் தொட்டில் ஆட்டியதில் இந்தியக் கைகளும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பங்சாவான் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. அரபுக்கதை, இந்தியக்கதை, சீனக்கதை எல்லாம் நடித்தன. ஹாம்லெட்டும் ஒத்தெல்லோவும் அவற்றுள் அடங்கும். எழுதிய வசனம் பெரும்பாலும் கிடையாது. கதைச்சுருக்கத்தைச் சொல்லிவிடுவார்கள், நடிகர்கள் மேடையில் தாங்களாகவே பேசியும் பாடியும் நடிப்பார்கள். காட்சிக்குக் காட்சி நடுவே திரை விழும்போது ஆட்டமும் பாட்டும் வேடிக்கையும் தனியாக உண்டு.

தாத்தா பார்த்தது இப்படிப்பட்ட ஒன்றுதான். அப்போது சிலாங்கூர் தோட்டங்களில் ஆண்களுக்கு நாள் சம்பளம் 50 காசு. சம்பளம் போட்ட வாரம் நாலைந்து பேராகச் சேர்ந்து கிள்ளானுக்கு நடந்தே போனார்களாம். சீட்டுக்கு நெருக்கடி, கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார்களாம். ஆவி புகைக்குள்ளிருந்து எழும்பியபோது பக்கத்திலிருந்தவர் இவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். நாடகத்தின் பெயர் தாத்தாவுக்குத் தெரியாது. "அப்பன் ஆவி மகன்கிட்ட அழுவுற நாடகம்" என்றுதான் சொல்வாராம். திரும்பி வந்ததும் தூங்காமலே பால்வெட்டப் போயிருக்கிறார்.

அந்த நடைக்குப் பெண்கள் போகவில்லை. பாட்டிக்கு ஆறு மணிக்கு மரத்தடியில் நிற்க வேண்டும், கைக்குழந்தை வேறு. அவர் பார்த்ததெல்லாம் கோயில் திருவிழாவில் தோட்டத்து ஆட்களே விடிய விடிய ஆடிய நாடகங்கள்: அரிச்சந்திரா, கோவலன், நல்லதங்காள். பெண்வேடமும் ஆண்களுக்கே. காலையில் பால்வாளி தூக்கியவர்தான் இரவில் கண்ணகி. அவர்களுடைய பெயர்களை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை; இது நமக்குப் பெரிய இழப்பு.

அவற்றுள் நல்லதங்காளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைக் கேட்டறிந்த மக்கள், பசிக்குப் பயந்து கப்பலேறிய மக்கள், இதைப் பார்த்து அழுதார்கள் என்றால் அது வெறும் கதைக்காக அழுத அழுகை அன்று. நாடகத்தின் முடிவில் சிவபெருமான் வந்து எல்லாரையும் எழுப்புவார். பாட்டி அதற்கு முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாராம். "அடுப்பு மூட்டணும்ல," என்பார். அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்டதில்லை.

ஹாம்லெட் உயர்ந்த துயர நாடகம், நல்லதங்காள் பாமரக்கூத்து என்று தரம் பிரித்தவர்கள் உண்டு. ஒன்றில் நாடு பறிபோகிறது. மற்றொன்றில் சோறு பறிபோகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எனக்கு எது பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று இரவு படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது பாட்டி மறுபடியும் அந்தக் கதைக்கு வந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் கட்டிக்க இருந்த பொண்ணு ஒண்ணு உண்டாமே. தாத்தா சொன்னாரு. அது என்னாச்சு?"

"ஓடையில விழுந்து செத்துப் போச்சு, பாட்டி."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடையா? கிணறுன்னுல்ல நெனச்சேன்," என்றார்.