மதுரைக் கால்: கட்டியில் கசிந்த கறுப்புக் குருணை

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குத் தோட்டவேலைக்கு கான்ட்ராக்டில் ஒரு அண்ணன் வருகிறார். சிப்காட் வருவதற்கு முன்னால் இதே மண்ணில் வெறுங்காலோடு ஏர் ஓட்டியவர். போன வருஷம் டீ நேரத்தில் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வலது பாதம் மேடாக வீங்கி, அதில் நாலைந்து துவாரம். சாக்ஸ் முழுக்க கறை.

“கருவேல முள்ளு சார். குத்தி ஏழெட்டு வருஷம் இருக்கும். வலியே கிடையாது. தண்ணியா கசியும், நடுவுல கடுகு ஒடைச்ச மாதிரி கறுப்பா வரும். தொடச்சுப் போட்டுருவேன்.”

புற்றுன்னு சொல்லி காலை எடுத்துடுவாங்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரி பக்கமே போகவில்லை.

பயம் கேன்சரைப் பற்றியது. ஆனால் சொல் தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. சுசுருத சம்ஹிதையில் ‘வல்மீகம்’ என்றொரு நோய் வருகிறது. வல்மீகம் என்றால் கறையான் புற்று. கை, கால், கழுத்தில் முடிச்சாகக் கிளம்பி, புற்று மாதிரி மெதுவாக வளர்ந்து, பல வாய் திறந்து கசியும் என்கிறது நூல்.

1842ல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் இதே பாதத்தைப் பற்றி எழுதினார். 1846ல் கோல்புரூக் ‘மதுரைக் கால்’ என்ற பெயரைப் பதிவு செய்தார். சூடானிலும் மெக்சிகோவிலும் நிறைய இருக்கிற நோய்தான், பெயர் மட்டும் நம் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

அடுத்து வருகிறவர் எனக்குப் பிடித்தவர். ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858ல் வெளிவந்த கிரேஸ் அனாடமிக்குப் படம் வரைந்தவர். ராயல்டி ஒரு பைசா வரவில்லை. (கோட் எழுதுகிறவனுக்கு இந்தக் கதை புதுசில்லை.) பம்பாய்க்கு வந்து அனாடமி பேராசிரியரானார். வெட்டி எடுத்த பாதங்களை அறுத்துப் பார்த்தார். கசிவில் வந்த குருணையை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அது உறைந்த ரத்தமுமில்லை, செத்த சதையுமில்லை, ஒரு பூஞ்சையின் குடியிருப்பு என்றார். 1860ல் ‘மைசிடோமா’ என்று பெயர் வைத்தார், 1874ல் தனி நூலே எழுதினார்.

முள் உள்ளே கொண்டுபோகும் கிருமி, இறுகிய குருணையாகக் கூடு கட்டிக்கொள்கிறது. உடம்பு அதைச் சுற்றிச் சீழ் வைத்து, துவாரம் போட்டு, வெளியே தள்ளப் பார்க்கிறது. ராஜபிளவை என்றால் சூடு, காய்ச்சல், உயிர்போகிற வலி இருக்கும். தோலடிக் கொழுப்புக்கட்டி உடைந்தால் நாற்றமடிக்கும் பாலாடை மாதிரி வரும். வலியில்லாத வீக்கம், பல துவாரம், குருணை என மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகம் மைசிடோமா பக்கம் போகவேண்டும்.

கறுப்பு, வெளிர் என இரண்டு வகை இருப்பதையும் கார்ட்டர் கவனித்திருந்தார். ஆனால் வெளிர் வகையில் பெரும்பாலானதற்குக் காரணம் பூஞ்சையே இல்லை, பாக்டீரியா. 1894ல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டி, அதற்கும் மதுரை பெயரையே வைத்தார். வைத்தியமே இங்கேதான் பிரிகிறது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை, ஊசியிலேயே பெரும்பாலும் அடங்கும். பூஞ்சை என்றால் மாதக்கணக்கில் வேறு மாத்திரை, பல சமயம் ஆபரேஷனும். கறுப்பு என்றால் பூஞ்சைதான். வெளிர் நிறம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், லேப்தான் சொல்லவேண்டும்.

அண்ணன் ஏழெட்டு வருஷமாகத் துடைத்துப் போட்டது இந்தத் தகவலைத்தான். லாக் ஃபைலைத் திறக்காமலே டெலீட் பண்ணுவது போல.

“தொடச்சுப் போடாதீங்கண்ணே, அந்தத் துணியோட கிளம்புங்க” என்றேன். அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எவ்வளவு நாளா இப்படி வருது?” என்றுதான் முதலில் கேட்டார். சதைத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். பூஞ்சைதான். எலும்பு இன்னும் அதிகம் அரிக்கவில்லை. கால் தப்பியது, பாதத்தில் ஒரு ஆபரேஷன். மாத்திரை இன்னும் ஓடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் மைசிடோமாவைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது 2016ல். கில் எழுதி 174 வருஷம் கழித்து.