மரவள்ளியைப் பின்தொடர்ந்த மாவுப்பூச்சி

சேர்வராயன் மலைக்குக் கீழே சேலம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியே ஜவ்வரிசித் தொழிலின் உயிர். இரண்டாம் உலகப்போரால் இறக்குமதி தடைபட்டபோது, 1943 வாக்கில் சேலத்தில் இத்தொழில் தொடங்கியது.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியும் அங்கிருந்தே வந்தது. 1970களில் காங்கோவில் தென்பட்டு, ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்களைச் சூறையாடியது. 1981இல் பராகுவேயில் அதன் இயற்கை எதிரியான அனாகைரஸ் லோபெசி என்ற நுண்குளவி கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் அதைப் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பயிர்ப் பாதுகாப்பு வரலாற்றின் மிகச் சிறந்த வெற்றிகளுள் அப்பணியும் ஒன்று.

இந்தியாவில் இப்பூச்சி 2020இல் திருச்சூரில் தென்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் தோட்டங்களையும் தாக்கியது. ஆண் இன்றியே பெருகும். நடவுக் கரணைகளோடு ஊர்விட்டு ஊர் செல்லும். தாக்கப்பட்ட செடியின் நுனியிலைகள் சுருண்டு கொத்தாகும், கணுவிடை குறுகும், தண்டு முறுக்கிக்கொள்ளும்.

பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைவனம் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்துப் பெருக்கியது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் அது வெளிவிடப்பட்டது. பெண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும்.