ஆறு சிக்ஸர் பந்தும் பத்தூர் நடராஜரும்: 'ஒரிஜினல்' என்று சொல்ல யாருக்குத் தகுதி?



ஆடிட்டிங் பாடத்தில் 'வவுச்சிங்' என்று ஒன்று வரும். ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ரசீது இருக்கிறதா என்று பார்ப்பது. "ரசீது இருக்கு, ஆனா ரசீதே தப்பா இருந்தா?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போய், ஒரு கிரிக்கெட் பந்திலும் ஒரு நடராஜர் சிலையிலும் வந்து நின்றேன். இரண்டுமே லண்டன் சம்பந்தப்பட்ட கதை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: "இதுதான் அது என்று யார் சொல்வது? அவர் சொன்னால் நாம் ஏன் நம்ப வேண்டும்?"

முதலில் பந்து.

1968 ஆகஸ்ட் 31. வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீ மைதானம். நாட்டிங்காம்ஷயர் அணிக்காக ஆடிய கேரி சோபர்ஸ், கிளமார்கன் அணியின் மால்கம் நாஷ் போட்ட ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். முதல் தர கிரிக்கெட்டில் அதுதான் முதல் முறை. ஆறாவது பந்து மைதானத்தைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. நல்லவேளையாக பிபிசி படக்குழு அங்கே இருந்ததால் அந்த ஓவர் முழுதும் படச்சுருளில் பதிவானது.

38 வருடம் கழித்து, 2006 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடித்த பந்து' விற்பனைக்கு வந்தது. கூடவே சோபர்ஸே கையெழுத்திட்ட சான்றிதழ். விலை 26,400 பவுண்டு. வாங்கியவர் ஓர் இந்தியர். ஒரு கிரிக்கெட் பந்துக்கு அந்தக் காலத்தில் கேள்விப்படாத விலை அது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். கிரஹாம் லாயிட் என்ற பத்திரிகையாளர் துருவித் துருவி விசாரித்து 2013-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அவர் சொன்னது எளிமையான விஷயம். ஏலத்தில் விற்ற பந்து 'டியூக்' கம்பெனியின் தயாரிப்பு. ஆனால் அந்த மேட்சில் கிளமார்கன் பயன்படுத்தியது 'ஸ்டூவர்ட் சரிட்ஜ்' கம்பெனியின் பந்து. அந்த ஓவர் முழுக்க ஒரே பந்தைத்தான் போட்டேன், அது சரிட்ஜ் பந்துதான் என்று நாஷும் உறுதியாகச் சொன்னார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். சோபர்ஸ் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல வருடத்துக்கு முன்னால் அடித்த பந்தில் எந்தக் கம்பெனி முத்திரை இருந்தது என்று எந்த பேட்ஸ்மேனுக்கு ஞாபகம் இருக்கும்? சிக்ஸர் அடிப்பதில் அவர் மன்னன். பந்தை அடையாளம் காட்டுவதில் அவர் வெறும் சாட்சி. அந்த சீசனில் மைதானத்துக்கு எந்தப் பந்து வாங்கினார்கள் என்பது ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் பார்க்கிறவருக்குத் தெரிந்த சங்கதி. பெயர் பெரியது என்பதால் அந்தக் கையெழுத்தின் மதிப்பும் பெரிதாகிவிட்டது. பொருளின் மேலேயே அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை.

சாட்சி வேறு, நிபுணர் வேறு. சாட்சி தான் கண்டதைச் சொல்பவர். நிபுணர் தான் நேரில் காணாததையும் பொருளை ஆராய்ந்து சொல்பவர். ஒருவருடைய புகழை இன்னொருவருடைய தகுதியாக எடுத்துக்கொண்டால் வந்தது வினை.

விளையாட்டுப் பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, படத்தோடு ஒப்பிடுவது. கிரிக்கெட் பேட்டின் வில்லோ மரத்தில் ஓடும் ரேகை நம் கைரேகை மாதிரி, ஒரு பேட்டில் இருப்பது அப்படியே இன்னொன்றில் இருக்காது. பந்து பட்ட சிவப்புத் தழும்பு, ஸ்டிக்கர் ஒட்டிய கோணம், சட்டையில் எண் தைத்திருக்கும் இடம் எல்லாவற்றையும் மேட்ச் அன்று எடுத்த புகைப்படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வழி, கைமாறிய வரலாறு. மைதானத்தில் இருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற சங்கிலி. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி சிக்ஸர் அடித்து முடித்த பேட், அதே வருடம் ஜூலையில் லண்டனில் 1,00,000 பவுண்டுக்கு ஏலம் போனது. மேட்ச் முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஊரே பார்த்த மேட்ச், விற்றதும் தோனி தரப்பு நடத்திய விருந்திலேயே. சங்கிலி நீளம் குறைந்தால் சந்தேகமும் குறையும்.

அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். 1990-களில் போலிக் கையெழுத்து வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் வேட்டையாடிப் பெரிய கும்பல்களைப் பிடித்தது. சில போலிகள் முறையான சான்றிதழோடுதான் விற்கப்பட்டன! அதன் பிறகு 2001-இல் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு ஒரு ஏற்பாடு செய்தது. மைதானத்திலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் போலீஸ் வேலையில் இருப்பவர் அல்லது இருந்தவர். பந்து ஆட்டத்தில் இருந்து வெளியே வந்ததும் வாங்கி, எண் போட்ட ஹோலோகிராம் ஒட்டிப் பதிவு செய்துவிடுவார். அவருக்குப் பேஸ்பால் மேதைமை தேவையில்லை, பொருளைத் தன் கண்ணை விட்டு அகல விடக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் வந்து யூகிப்பதைவிட அப்போதே குறித்துவைப்பது மேல்.

நம் ஊரில் நகை வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. முன்பெல்லாம் ஆசாரி உரைகல்லில் உரைத்துச் சொல்வதுதான் வேதவாக்கு. இப்போது ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து அடையாள எண் இருக்க வேண்டும், அது இல்லாமல் 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கக் கூடாது. ஆசாரியின் கண்ணை மட்டும் நம்பிய இடத்தில் இன்று பதிவேடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, அப்போதே குறித்துவைக்காத பொருளுக்கு என்ன செய்வது? இங்கேதான் நடராஜர் வருகிறார்.

பத்தூர் வழக்கு

திருவாரூர் பக்கம் பத்தூர் என்ற சிற்றூர் (அன்று தஞ்சாவூர் மாவட்டம்). அங்கே 12-ஆம் நூற்றாண்டு விசுவநாத சுவாமி கோயில் இடிந்து கிடந்தது. 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது வெண்கல நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் அதை நல்லெண்ணத்தோடுதான் வாங்கியது. சிலையோடு கொடுக்கப்பட்ட 'பூர்வீகக் கதை' பொய் என்பது அவர்களுக்குத் தெரியாது. சீரமைக்கக் கொடுத்த இடத்தில் இருந்து ஸ்காட்லாந்து யார்டு அதைக் கைப்பற்ற, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

லண்டனில் இருக்கும் நடராஜரும் பத்தூரில் தோண்டிய நடராஜரும் ஒருவர்தானா? இதுதான் கேள்வி. பத்தூரில் யாரும் அதைப் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. இரண்டு தரப்பிலும் நிபுணர்கள். நம் தரப்பில் முக்கிய சாட்சி தமிழக தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் இரா. நாகசாமி.

அவர் "நான் டாக்டர், நான் சொல்கிறேன்" என்று மட்டும் நிற்கவில்லை. பத்தூரில் அதே இடத்தில் கிடைத்த மற்ற வெண்கலச் சிலைகளோடு வைத்து, வார்ப்பு முறையையும் சிற்ப பாணியையும் ஒப்பிட்டுக் காட்டினார். மண், உலோகம் பற்றிய சாட்சியங்களும் வந்தன. எனக்குப் பிடித்தது கரையான்! சிலையின் மேல் கரையான் மண் கட்டிய தடம் இருந்தது, அதையும் பூச்சியியல் அறிந்தவர்களைக் கொண்டு அலசினார்கள். கரையானுக்கு எந்தக் கட்சியும் கிடையாது அல்லவா? :-)

1988-இல் நீதிபதி இயன் கென்னடி, இரண்டும் ஒரே சிலைதான் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் 1991-இல் அதுவே நின்றது. இடிந்த கோயிலும் சட்டத்தின் முன் ஓர் ஆளாக நின்று வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அதே வருடம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். நிபுணர்களின் வாதம் அன்று தோற்றிருந்தால் ஒரு ஊரின் சாமி யாரோ ஒருவருடைய சொத்தாக அங்கேயே இருந்திருக்கும். பந்தில் போனது பணம். இங்கே போக இருந்ததற்கு விலை போட முடியாது.

நிபுணரை எப்படி எடை போடுவது?

இந்திய சாட்சியச் சட்டம் 1872-இன் 45-ஆவது பிரிவு, தனித்தேர்ச்சி பெற்றவரின் கருத்தை ஏற்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 39-ஆவது பிரிவு. ஆனால் நிபுணர் கருத்து நீதிபதிக்கு உதவிதான், அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. நம் ஆடிட்டிங் பாடத்தில் எஸ்.ஏ. 620 என்ற தர நெறியும் இதையேதான் பேசுகிறது: நிபுணரின் அறிவு, அதைப் பயன்படுத்தும் திறன், நடுநிலை மூன்றையும் பார் என்கிறது.

என் மொழியில் நாலு கேள்வியாக எழுதிக்கொண்டேன்:

1. இவருடைய அறிவு இந்தக் கேள்விக்கு உரியதா, அல்லது பக்கத்துக் கேள்விக்கு உரியதா?
2. 'ஒரிஜினல்' என்று சொன்னால் இவருக்குக் காசு உண்டா?
3. எதை வைத்துச் சொல்கிறார் என்று காட்டுகிறாரா? அதை இன்னொருவர் சோதிக்க முடியுமா?
4. எது கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார்?

பத்தூர் வழக்கில் நம் தரப்புச் சாட்சியும் அரசாங்க அதிகாரிதானே, நடுநிலை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் மூன்றாவது கேள்வி முக்கியம் என்கிறேன். அவருடைய ஆதாரம் எதிர்த்தரப்பு நிபுணர்களின் முன்னால் வைக்கப்பட்டது, குறுக்கு விசாரணையைத் தாங்கியது. பக்கம் சார்ந்தவரும் உண்மையைச் சொல்லலாம், ஆனால் அதைத் திறந்து வைத்துச் சொல்ல வேண்டும். சோபர்ஸ் பந்தின் சான்றிதழோ, ஏலம் முடிந்த பிறகுதான் சோதனைக்கே வந்தது.

பி.காம். முடித்து நாளைக்கு நம்மில் பலர் கணக்கில் கையெழுத்துப் போடப் போகிறோம். நம் கையெழுத்தை நம்பி யாரோ பணம் போடுவார்கள். அன்றைக்கு நமக்குத் தெரிந்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுவோம். கம்பெனிப் பெயர் பந்திலேயே அச்சடித்திருக்கும்போது அதைத் திருப்பிப் பார்க்க இரண்டு விநாடி போதும்.